எதிர்த்து ஆடுகிற எல்லோரும் எங்கள் அணி

பிரான்சில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், நான் தலைமயிர் வெட்டிக்கொள்ளப் போகிற சலூனில் கிரிக்கெட் பார்ப்பதற்கு ஒரேயொரு விதி உண்டு. இலங்கைக்கு எதிராக யார் விளையாடுகிறார்களோ அவர்கள்தான் எங்கள் அணி. இந்தியா என்றால் கேட்கவே வேண்டாம். எங்களை ஆண்டுவிட்டுப் போன இங்கிலாந்துக்காரனுக்கும் கை தட்டுவோம். நியூசிலாந்து எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கேட்டால் சலூனில் பாதிப்பேருக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் ஒரு விக்கெட் எடுத்தால் சொந்த மச்சான் எடுத்ததுபோலத் துள்ளுவார்கள்.

இந்த விதியை எனக்குப் போட்டது என் அண்ணை. சார்செலில் இருக்கிறார். பிரான்சில் இரத்த உறவென்று சொல்ல எனக்கு அவர் ஒருவர்தான். ஞாயிறுகளில் ரயில் பிடித்து கார் து நோர் ஸ்டேஷனில் வந்து இறங்குவார். இருவரும் சலூனில் மேட்ச் பார்ப்போம், பிறகு ஒரு பிளேன்டீ, பிறகு அண்ணி சொல்லிவிட்ட மரக்கறியை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். கிழமை முழுவதும் ரெஸ்டோரண்டில் யாரோ சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவுகிற எனக்கு அந்தப் பின்னேரம்தான் வீடு.

அண்ணையின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. யுத்தத்தின் கடைசிக் கிழமைகளில் அம்மாவை வன்னியில் பறிகொடுத்தோம். எங்கே புதைத்தார்கள் என்பதுகூடத் தெரியாது. அந்த நாட்களில் யுத்தத்தை வென்றோமென்று கொழும்பில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்ததை அண்ணை டிவியில் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கொடியைக் கண்டாலே முகம் கறுத்துவிடும். “அவங்கள் தோக்கவேணும். ஆர் வெண்டாலும் எனக்குக் காரியமில்லை” என்பார். நானும் அப்படித்தான் இருந்தேன். அப்படித்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாரியில் ஒரு ஞாயிறு, இலங்கையும் நியூசிலாந்தும் விளையாடின. நான் கதிரையில், முகம் முழுக்க நுரை. சலூன்காரர் என் கழுத்தில் கத்தியை வைத்திருக்கிறார். அண்ணை பின்னால் வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடிக்கு மேலே டிவி. இலங்கையின் கடைசிச் சோடி நிற்கிறது, கடைசிப் பந்தில் ஒரு பவுண்டரி வேண்டும். மட்டையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டவன்போல நின்ற பந்துவீச்சாளன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினான். பந்து பறந்தது. “அடிச்சிட்டான்டா!” என்று ஒரு கத்தல். கத்தியது நான்தான்.

சலூன்காரர் கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “தம்பி, கழுத்து போயிருக்கும். இனி மேட்ச் நாளிலை சேவ் எடுக்க வராதையும்” என்றார். வேறொரு நாளென்றால் சலூனே சிரித்திருக்கும். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணை எழுந்து ஜாக்கெட்டை மாட்டினார். “அம்மான்ரை பிள்ளைதானேடா நீ?” என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

பாதி முகத்தில் நுரையோடு கார் து நோர் வரைக்கும் ஓடினேன். அவருடைய ரயில் போய்விட்டிருந்தது. மேடையில் நின்றவர்கள் என்னைப் பார்த்து விலகி நின்றார்கள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குக் கீழே, மறைத்து என்ன, சந்தோஷமும் இருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கத்தல் நான் அண்ணையிடம் பழகியது. ஊரில் கரண்டும் பற்றரியும் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்போம். சுற்றுகிற கை நின்றால் வர்ணனை செத்துவிடும். இலங்கை உலகக் கிண்ணம் எடுத்த அன்றைக்குச் சுற்றியது அண்ணைதான். கை மாறிச் சுற்றக்கூட என்னை விடவில்லை. கடைசி அடியில் இதே சொல்லைக் கத்தினார், இதே தொண்டையால்.

கிழமைகள் போயின. போன் அடித்தால் எடுக்கமாட்டார். சலூன் பக்கமும் வரவில்லை. நானும் போகவில்லை, எந்த முகத்தோடு போவது? அண்ணை என்னை விட்டுவிட்டால் இந்த ஊரில் நான் யாருக்குத் தம்பி என்ற பயம் வேலைக்குள்ளும் கூடவே வந்தது. ஒருநாள் அண்ணி கூப்பிட்டார். “இந்த ஞாயிறு இந்தியாவோடை மேட்ச். மனுசன் தனிய இருந்து பாக்கப்போகுது, எனக்கு அதைப் பாத்துக்கொண்டிருக்கேலாது. நீங்கள் வாங்கோ தம்பி.”

சார்செலில் அண்ணை கதவைத் திறந்தார். சோபாவில் கிடந்த தலையணையை எடுத்து இடம் விட்டார். இலங்கை துடுப்பாடியது. விக்கெட் மளமளவென்று விழுந்தது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தேன். கடைசியில் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

“அண்ணை, அண்டைக்குச் சைக்கிள் நீங்கள்தானே சுத்தினனீங்கள்?”

அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஓம்.”

“பிறகேன் என்னோடை கோவம்?”

“உன்னோடை ஆரடா கோவிச்சது?” என்றார். பிறகு, மெதுவாக: “அண்டைக்கு நான் கத்தேக்கை அம்மா குசினிக்குள்ளை நிண்டவ. ‘நாங்கள் வெண்டிட்டமோ தம்பி’ எண்டு என்னைக் கேட்டவ. நான் ஓமெண்டு சொன்னனான்.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. நான் ரேடியோப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்திருப்பேன். அவர் மட்டும் அந்த ‘நாங்கள்’ என்றதற்குச் சொன்ன ஒரு ஓமை இத்தனை வருடமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேட்சிலும் குந்தியிருந்திருக்கிறார்.

கடைசி விக்கெட்டும் விழுந்தது. கொஞ்ச ஓட்டம்தான், இந்தியா இனி நித்திரையிலும் அடித்துவிடும். என் போனில் சலூன் ஆட்களின் சிரிப்பு மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன. இலங்கை தோற்கவேண்டும் என்றிருந்த அண்ணை கை தட்டவில்லை. ரிமோட்டை என் பக்கம் தள்ளினார்.

“நிப்பாட்டடா” என்றார். “சாப்பிடுவம்.”