அய்யாவை என்னவென்று சொல்லி அழுவது

அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அம்மா செத்த வருஷம் அது. அப்புறம் வீட்டில் நானும் அய்யாவும்தான். அய்யா கூலிக்கு உழப் போவார். நான் கம்பெனியில் தாள் வாங்கிவந்து தீப்பெட்டி ஒட்டுவேன். பகல் முழுக்கப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அதனாலேயோ என்னவோ, எதையாவது நினைத்துப் பயந்துகொண்டே இருப்பேன்.

பதினாறு வயதிருக்கும். அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பொம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். "தங்கத் தேரே, தனியாப் போறீகளே" என்றார்கள். செத்தவரிடம் ஒரு கட்டைவண்டிகூட இருந்ததில்லை. பக்கத்தில் இருந்த அத்தையிடம், அய்யாவின் அக்காவிடம், காதோடு அதைச் சொன்னேன்.

"ஏட்டி, வாயை மூடு. நாளைக்கு ஒங்க அய்யா போனா பெத்த மகதான் மொதல்ல எடுத்துச் சொல்லணும். நீ என்னன்னு சொல்லுவ? கூலிக்கு உழுதாருன்னா?"

அன்றைக்குப் பிடித்தது கவலை. பசை தடவும்போதெல்லாம் அய்யாவுக்கு ஒரு உவமை தேடினேன். ஆலமரம் என்று சொல்ல எங்கள் கரிசலில் ஆலமரம் எங்கே இருக்கிறது? நிற்பதெல்லாம் உடைமரம். பெற்ற தகப்பனை முள்மரம் என்பதா? சிங்கம் என்றால், அவர் கம்பெனி கணக்கப்பிள்ளையைக் கண்டாலே தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கிற மனுஷர். விளக்கு என்று நினைத்தாலே அணைந்துவிடுமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். நிலவு போன்ற முகம் என்று எழுதச் சொன்னால், எந்த நாள் நிலவு என்று தெரியாமல் பலகையும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து அய்யா இருமலில் படுத்தார். பெட்டி ஒட்டிக்கொண்டே ஒப்பாரியை முனங்கிப் பார்த்தேன். கட்டிலில் தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"யாருக்கு ஏட்டி ஒப்பாரி படிக்கிற?"

"சும்மாய்யா."

"எனக்குத்தானே? சத்தமாச் சொல்லு, கேப்போம். அன்னைக்கு எனக்குக் காது கேக்காதுல்லா."

"அப்படிப் பேசாதீங்க."

"ராசான்னு மட்டும் சொல்லிராத. ஊரு சிரிக்கும்."

அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு சொல்லு, தாயி. நான் எது மாதிரின்னு."

உயிரோடு இருப்பவருக்கு அதைச் சொன்னால் எமனுக்கு வீட்டைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று எனக்கு நடுக்கம். "கஞ்சி ஆறுது, குடிங்க" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு கேட்கவில்லை.

அதற்கு எட்டாம் நாள், ஒட்டின பெட்டிகளைக் கம்பெனியில் கொடுக்கப் போயிருந்தபோது அவர் உயிர் போய்விட்டது.

பொம்பிளைகள் வந்து உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டு, என் வாயைப் பார்த்தார்கள். இரண்டு வருஷமாகத் தேடியதில் ஒன்றும் வரவில்லை. "காலையில பாதிக் கஞ்சிதானே குடிச்சீக, மீதி அப்படியே இருக்கே" என்பதுதான் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். "படிச்ச பிள்ளை, அழத் தெரியல" என்று பின்னால் யாரோ ஒருத்தி சொன்னாள்.

அத்தைதான் எடுத்தாள். "மாணிக்க மாலையே, மண்ணுக்குள்ள போறீகளே." அவள் நகம் என் தோளில் பதிந்தது. தம்பி மாணிக்கமில்லை என்று அவளுக்குத் தெரியாதா? கட்டிலில் கிடந்ததை நேராகப் பார்த்துச் சொல்ல அவளுக்கும் தெம்பில்லை. மாணிக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று சொன்னாள். அவ்வளவுதான் விஷயம். அது பொய்யில்லை.

நானும் அவள் பின்னால் அதையே சொன்னேன். என் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

எதையாவது அவர் கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்கலாம். முள்மரம் என்றாவது. சிரித்திருப்பார். இருமல் வந்திருக்கும். தண்ணீர் கொடுத்திருப்பேன்.