வெள்ளைக் காரில் வந்த ஐந்து பேர்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் ஓர் அக்ரஹாரத் தெருவில் குடியிருந்தோம். கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றிருந்தேன். "மழை பெய்தால் தெரு நனையும். அதற்காக, தெரு நனைந்திருந்தால் மழைதான் பெய்தது என்று முடிவு கட்டாதே" என்று வருடா வருடம் மாணவர்களிடம் தொண்டை வறளக் கத்தியவன் நான்.

அன்று என் மகளைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. ஏற்கெனவே மூன்று வரன்கள் தட்டிப் போயிருந்தன. இதுவும் போய்விடுமோ என்று காலையிலிருந்தே வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வெள்ளை அம்பாசடர், ஐந்து பேர், நாலரை மணி என்று தரகர் சொல்லியிருந்தார்.

நாலு இருபத்தைந்துக்கு வெள்ளை அம்பாசடர் வந்து நின்றது. இறங்கியவர்களை எண்ணினேன். ஐந்து. கையில் பழப்பை வேறு.

"இந்த வீடுதானே?" என்றார் அவர்களில் பெரியவர்.

"இதேதான். உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கோம்!" என்று உட்கார வைத்தேன். சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. கொஞ்சம் திகைத்தாலும், நன்றாகவே சாப்பிட்டார்கள்.

"இப்போ எப்படி, நடக்கறாளா?" என்றார் பெரியவர்.

எனக்குச் சுருக்கென்றது. "நடக்கறாளாவா? தினம் கோவிலைச் சுத்திட்டு வரா. வேணும்னா ஓடவும் செய்வா!"

"அப்படியா! ராத்திரி தூக்கம் வரதோ?"

"படுத்தா இடி விழுந்தாலும் தெரியாது."

"பாவம், மருந்தோட வேகமாக்கும்" என்று அவர் உச்சுக்கொட்டினார்.

நாகர்கோவில்காரர்கள் எதையும் தீர விசாரிப்பார்கள் போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

மகள் காபி கொண்டுவந்தாள். பெரியவர் கனிவோடு, "அம்மாவை நன்னா பார்த்துக்கறயா குழந்தே?" என்றார்.

"அம்மா இதோ நிக்கறாளே" என்றாள் அவள்.

அவர் என் மனைவியின் கால்களையே பார்த்தார். "அப்போ, கால் ஒடிஞ்சது யாருக்கு?"

அடுத்த வீட்டு அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். அவருடைய மகனின் அலுவலக நண்பர்களாம் இவர்கள். அந்த வீட்டுக்கு இதுதான் முதல் வருகை.

அதே நேரம் வாசலில் இன்னொரு வெள்ளை அம்பாசடர் வந்து நின்றது. சொஜ்ஜி காலி. மிச்சம் ஏழே பஜ்ஜி. "உங்க கணக்கைக் கொண்டுபோய் அடுப்புல போடுங்கோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு என் மனைவி மறுபடி அடுப்பு மூட்டப் போனாள். வந்தவர்கள் கூடம் நிறைய ஆட்களைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். பையனின் அப்பா முகம் இறுகியது. நாலாவது வரனும் போயிற்று என்றே நினைத்தேன். நல்லவேளையாகப் பெரியவரே எழுந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

பையன் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு கேட்டான்: "நாங்கதான் சரியான ஆளுன்னு எப்படித் தெரியும், மாமா?"

என்னிடமிருந்த சாட்சியம் மறுபடியும் ஒரு வெள்ளைக் காரும் ஐந்து பேரும்தான்.

தலை குனிந்து நிற்கும்படி நாங்கள் சொல்லி வைத்திருந்த என் மகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பையனும் சிரித்தான். கடைசியில் அவனுடைய அப்பாவும். பாடச் சொல்லிக்கூட யாரும் கேட்கவில்லை. அன்றைக்கே நிச்சயமாகிவிட்டது.

வேண்டும் வேண்டும் என்று காத்திருக்கிற மனதுக்கு எது வந்தாலும் சாட்சியம்தான். அதனால், நான் ஆசைப்பட்டபடியே ஒரு முடிவு வந்து நிற்கும்போதெல்லாம், அதை உள்ளே அழைத்து உட்கார வைக்கும் முன் "நீ யார்?" என்று இன்றும் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.