மஞ்சள் எழுத்தில் மரண அறிவித்தல்கள்

என் மனைவியின் பார்வையின் நடுப்பகுதி மங்கத் தொடங்கியது ஒரு மாசி மாதத்தில். அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். வைத்தியர் சொன்ன நாளைத்தான் நான் குறித்து வைத்திருக்கிறேன். ஓரங்கள் தெரியும், நேராகப் பார்க்கும் இடத்தில் மட்டும் புகை படிந்தது போல இருக்கும், அது இனி விலகாது, ஆனால் கறுப்புப் பின்னணியில் பெரிய எழுத்து என்றால் வாசிக்கலாம் என்றார். மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில், எங்கள் வீட்டுக்கு அந்த வைத்தியசாலை நடக்கிற தூரம்தான்.

"அப்ப நான் இனி எப்பிடி அறிவித்தல் பாக்கிறது?" என்று மட்டும் திரும்பி வரும் வழியில் கேட்டாள்.

அறிவித்தல் என்றால் மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்தவர் ஒருவர் உலகத்தின் எந்த மூலையில் இறந்தாலும் மறுநாளே இணையத்தில் படத்தோடு வந்துவிடுகிறது. சிலர் காலையில் வெளியே குளிர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அவள் தேத்தண்ணியோடு அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு லண்டனுக்கோ பாரிசுக்கோ தொலைபேசி எடுத்துத் துக்கம் விசாரிப்பாள். அவளுடைய உறவும் நட்பும் பெரும்பாலும் அந்த அழைப்புகளில்தான் உயிரோடு இருந்தன.

அன்றிலிருந்து நான் வாசித்துக் காட்டினேன். எனக்கு நாள் முக்கியம். யார், எப்போது பிறந்தார், எப்போது இறந்தார், எந்த ஊர், எந்த நாடு என்று தெளிவாக வாசிப்பேன். அதன் கீழே வருகிற 'அன்னார்' பகுதியை, இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார்களின் பாசமிகு தாயாரும், இன்னார்களின் மாமியாரும் என்று நீள்வதை, விட்டுவிடுவேன். அது எல்லா அறிவித்தலிலும் ஒரே மாதிரித்தானே இருக்கிறது என்பது என் எண்ணம்.

வைகாசியில் ஒரு நாள் யாரோ தொலைபேசியில் சொல்லித்தான் அவளுக்குத் தெரியவந்தது, அவளோடு பள்ளிக்கூட விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழியின் கணவர் நோர்வேயில் இறந்துவிட்டார் என்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. அந்த அறிவித்தலை நான் வாசித்திருந்தேன். தோழியின் பெயர் 'அன்னார்' பகுதியில் இருந்தது.

"ஆக்களை விட்டிட்டு ஆண்டை வாசிக்கிற மனுசனை நான் இப்பதான் பாக்கிறன்" என்றாள். "செத்த ஆளை எனக்குத் தெரியாதப்பா. மிஞ்சி இருக்கிற ஆக்களைத்தான் எனக்குத் தெரியும். அதுக்குத்தான் நான் வாசிக்கிறது."

"இனி முழுக்க வாசிக்கிறன்."

"வேண்டாம். நீங்கள் வாசிச்சா எல்லாச் சாவும் சோதினை மறுமொழி மாதிரிக் கிடக்கு. எனக்கு நானே வாசிக்க வேணும்."

புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் மகள் ஒரு டேப்லட் வாங்கி வந்தாள். எழுத்தைப் பெரிதாக்கினால் விளம்பரமும் சேர்ந்து பெரிதானது. மனைவி விரலால் தள்ளும்போதெல்லாம் யாரோ ஒருவரின் படத்தை மூடிக்கொண்டு ஒரு நகைக்கடை எழும்பி வந்தது. ஒரு கிழமையில் அது அலமாரிக்குப் போனது.

நூலக அறிவித்தல் பலகையில் பார்த்துத்தான் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லொங்குய்ய்க்குப் போனேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே ஒரு மண்டபத்தில் லினக்ஸ் என்ற இலவசக் கணினி இயங்குதளத்தைப் பழகுகிறவர்கள் கூடுவார்கள். மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தில் ஆற்றுக்கு அடியால் போக வேண்டும். எங்கள் பழைய மடிக்கணினி கைப்பையில். அங்கே ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும், எனக்காகப் பிரெஞ்சை ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். கணினியை அவர் திறக்கவேயில்லை. உங்கள் மனைவி காலையில் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"இறந்தவர்களை, மதாம்" என்றேன்.

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் பத்திரிகையில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பார் என்றார்.

லினக்ஸில் பல வகை உண்டு. எல்லாம் சேர்த்தே வருவது ஒரு வகை. ஒன்றுமே இல்லாமல் வந்து, ஒவ்வொரு பகுதியையும் நாமே தேர்ந்து பொருத்திக்கொள்வது இன்னொரு வகை. அந்த அம்மா எனக்குச் சொன்னது இரண்டாவது. கஷ்டம், ஆனால் நீங்கள் வைக்காத எதுவும் அதில் இருக்காது, நகைக்கடையும் வராது என்றார். மொன்றியலில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இதைச் சுலபமாக விளங்கப்படுத்தலாம். இங்கே பல வீடுகள் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் இல்லாமல்தான் வரும். வீடு மாறும் நாளான யூலை முதலாந் திகதி எல்லோரும் அடுப்பைப் படிக்கட்டால் தூக்கிக்கொண்டு திரிவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு வெறும் வீடு அது.

அதற்கு ஒரு கைநூல் இருந்தது. பலர் சேர்ந்து இணையத்தில் எழுதியது, சம்பளம் இல்லாமல். வாழ்நாளில் எத்தனையோ வாசித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகவும் பொய்யில்லாமலும் எழுதப்பட்டவை குறைவு. ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் அந்தப் பக்கத்தின் வரலாறு இருக்கிறது. யார் எந்த நாளில் எந்த வரியைத் திருத்தினார், ஏன் திருத்தினார் என்று. எனக்கு அது விருந்து. கட்டளைகளை விட்டுவிட்டு வரலாற்றையே பின்னேரம் முழுக்க வாசித்துக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. முகம் தெரியாத ஒருவர், என்னைப் போன்ற ஒருவர் தடுக்கி விழுவார் என்று நினைத்து ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவர்களுக்கு நான் நன்றி சொல்ல வழி தெரியவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் தடவை நிறுவியபோது எல்லாம் சரியாக வந்தது, இணையம் மட்டும் இல்லை. நிறுவும்போது இணைப்பு வேலை செய்ததால், நிறுவிய பிறகும் அது இருக்கும் என்று நம்பிவிட்டேன். அதையும் ஒரு பகுதியாகக் கேட்டு வாங்க வேண்டுமாம். நான் கேட்கவில்லை, அது தரவில்லை. திரும்பவும் தொடக்கத்திலிருந்து போய் அதைச் சேர்த்தேன். இணையம் வந்தது. அறிவித்தல் பக்கமும் வந்தது, ஆனால் தமிழ் எழுத்துரு ஒன்றையும் நான் போடாததால், ஓர் எழுத்துக்குப் பதிலாக ஒரு பெட்டி என்று வரி முழுக்க வெறும் பெட்டிகள்.

மனைவி ஓரக்கண்ணால் பார்த்தாள். "பெட்டி எல்லாம் வந்திட்டுது. ஆக்களைத்தான் இன்னும் காணேல்லை" என்றாள்.

எழுத்துருவையும் சேர்த்தேன். அதன் பிறகு எனக்கு ஒரு உற்சாகம் பிடித்துக்கொண்டது. எதையும் சேர்க்கலாம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? வலது மூலையில் மணிக்கூடு, அதன் கீழே தமிழ் மாதமும் திகதியும், அதன் கீழே சூரிய உதயம், அதன் கீழே திதி. ஒவ்வொன்றும் சிறு சிறு பகுதி. ஒவ்வொன்றையும் அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுதிச் சேர்த்தேன். புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு இருத்தினேன்.

"இது ஆற்ற கொம்பியூட்டர்?" என்று கேட்டாள்.

"உம்மடதான்."

"அப்ப ஏன் உங்கட பஞ்சாங்கம் என்ர அறிவித்தலை மறைச்சுக்கொண்டு நிக்குது?"

"அது ஒரு கரையிலதானே நிக்குது."

"எனக்குக் கரைதானேயப்பா தெரியிறது!"

நான் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு அவளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, உமக்கு என்ன வேணும், ஒவ்வொண்டாச் சொல்லும் என்றேன். லொங்குய்ய் அம்மா முதலில் கேட்ட கேள்வியை அவளிடம் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவள் தயாராக இருந்தாள். மணிக்கூடு வேண்டாம், சுவரில் இருக்கிறது. பஞ்சாங்கம் வேண்டாம், நீங்கள் இருக்கிறீர்கள். கறுப்பில் மஞ்சள் எழுத்து வேண்டும். வெள்ளை கண்ணைக் குத்துகிறது. சுட்டெலி வேண்டாம். கணினியைத் திறந்தால் அறிவித்தல் பக்கம் நிற்க வேண்டும், வேறொன்றும் நிற்கக் கூடாது. மூன்று விசை போதும்: எழுத்தைப் பெரிதாக்க ஒன்று, கீழே போக ஒன்று, அடுத்த ஆளுக்குப் போக ஒன்று.

கீழே போகிற விசையை ஒரு திரை முழுக்க நகரும்படி வைத்தேன். அவள் தலையை ஆட்டினாள். "பாய வேண்டாம். ஒரு வரி போனாப் போதும். நீங்கள் பாயிற இடத்திலதான் சனம் இருக்கிறது."

மாற்றினேன். மூன்று விசைகளிலும் தடவித் தெரிந்துகொள்வதற்குத் தன்னுடைய கல்லு வைத்த ஒட்டுப்பொட்டை எடுத்து அவளே ஒட்டினாள். அந்த உத்தி எந்தக் கைநூலிலும் இல்லை. ஐப்பசிக் கூட்டத்துக்கு மனைவியும் வந்தாள்; லொங்குய்ய் அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உங்களிடம் வேறும் பொட்டு இருக்கிறதா என்று கேட்டார். மனைவி ஒரு தாள் பொட்டை அப்படியே கொடுத்துவிட்டாள். "மெர்சி, மெர்சி" என்று அவர் நன்றி சொல்ல, இவள் "போங்கோ, இது என்ன பெரிசு" என்று தமிழிலேயே பதில் சொன்னாள்.

அதன் பிறகும் அவள் வாசிப்பது சுலபமாக இருக்கவில்லை. முகத்தைத் திரையிலிருந்து சற்றே திருப்பி, கண்ணின் கரையால் பிடித்துப் பிடித்து வாசிக்க வேண்டும். ஒரு அறிவித்தலுக்கு ஒரு தேத்தண்ணி ஆறிவிடும். உதவிக்குப் போனால் முழங்கையால் தள்ளுவாள். சில நாட்கள் களைத்துப்போய் பாதியில் மூடிவிடுவாள். இதற்காகவா இவ்வளவு பாடு என்று நான் நினைத்த காலைகளும் இருந்தன. அதையும் குறித்துத்தான் வைத்திருக்கிறேன்.

கார்த்திகையில், முதல் பனி கொட்டிய அடுத்த நாள் காலை, நான் வெளியே போவதற்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். விசையைத் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. வழமைபோலக் களைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"இஞ்சருங்கோ, போனை எடுத்துத் தாங்கோ."

ஜேர்மனியில் ஒரு முதியவர் காலமாகியிருந்தார். அவருடைய பெயர் எங்கள் இருவருக்கும் புதிது. 'அன்னார்' பகுதியில், பிள்ளைகளைத் தாண்டி, மருமக்களைத் தாண்டி, சகோதரர்களின் வரிசையில் கடைசியாக ஒரு பெயர். அவள் முன்பு படிப்பித்த பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்பு ரீச்சர். இறந்தவர் அவருடைய மூத்த அண்ணை. அறிவித்தலின் கீழே போட்டிருந்த ரீச்சரின் இலக்கத்தை நான் அழுத்திக் கொடுத்தேன்.

"ஓம், நான்தான் கதைக்கிறன். கனடாவில இருந்து. ஓம், ஓம், இப்பதான், காலமைதான் வாசிச்சனான்... அழாதையும். அண்ணைக்கு என்ன வருத்தம் வந்தது எண்டு முதல்ல சொல்லும்."

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. மனைவி கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, எனக்குக் கையைக் காட்டினாள், போய்விட்டு வாருங்கள் என்று. நான் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் படியிறங்கினேன்.