மடையில் பார்த்த ஆழம்

அறுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. தங்கை வீட்டுக்காரர் சிவகங்கையிலிருந்து வந்திருந்தார். வாழைமரங்களைத் தெப்பமாகக் கட்டி, எங்கள் கண்மாயில் கொஞ்ச நேரம் மிதந்து வர அவருக்கு ஆசை. நீச்சல் தெரியாது.

“தண்ணி எம்புட்டு இருக்கும் மச்சான்?”

மடையோரம் இறங்கிப் பார்த்தேன். அங்கேதான் ஆழம் அதிகம் என்பது ஊர்க்கணக்கு.

“இடுப்பளவுதான் மாப்ளே, தாராளமாப் போங்க.”

நடுவில் தெப்பம் சாய்ந்தது. என் பேச்சை நம்பி, சிரித்தபடியே காலை ஊன்ற இறங்கினார். பிணமாகத்தான் தூக்கினோம். அவர் கால் வைத்த இடம், கோடையில் கண்மாய் வற்றியபோது என் வயலுக்கு உரமாகக் கரம்பை மண் எடுக்க நானே வெட்டிய குழி. ஆழம் சொன்னபோது அது எனக்கு நினைவே வரவில்லை.

“பாத்துட்டுத்தான சொன்னீக, அண்ணே?” என்று தங்கை ஒரே ஒரு முறை கேட்டாள்.

“பாத்தேன்” என்றேன். குழியைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அந்தத் தையில், கரம்பை போட்ட வயல் அமோகமாக விளைந்தது. முதல் மூட்டையைத் தங்கைக்குத்தான் அனுப்பினேன்.