குரல் பழகாமல்

அன்று எங்கள் குசினிக்குள், அடுப்படியில் இருந்தவர்கள் நான், அம்மா, நெல்லியடியிலிருந்து வந்த பெரியம்மா, கர்ப்பிணிகளைப் பார்க்க வரும் எங்கள் பகுதிக் குடும்பநல மாது. வயிற்றுக்குள் இருந்ததை நான் ஓர் ஆளாகக் கணக்கெடுக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தை அதற்கு முன்னமே விட்டிருந்தேன். பிள்ளையின் தகப்பன் வெளிநாடு போனவன்தான், பிறகு பேச்சுமூச்சில்லை. பெறுவது நான், வளர்ப்பது பிள்ளையில்லாத பெரியம்மா என்று பெரியவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். நான் தலையாட்டினேன். சந்தோசமோ துக்கமோ வரவில்லை.

குடும்பநல மாதுக்கு அந்த ஏற்பாடு தெரியாது. என் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு இப்ப காது கேக்கும். உன்ரை குரலைத்தான் முதல் பிடிக்கும். அதோடை கதை பிள்ளை" என்றார்.

அவர் போனதும் பெரியம்மா கதிரையை இழுத்துப் போட்டு என் வயிற்றை நோக்கிக் குனிந்தார். "செல்லம், அம்மா வந்திருக்கிறன்."

"மெல்லக் கதை அக்கா, அது நித்திரை" என்று அம்மா பகிடி விட்டார்.

"உனக்கென்ன, மூண்டைப் பெத்தனீ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எதற்கும் பயப்படுகிறவள். என் குரல் பழகிவிட்டால் பிறகு நெல்லியடியில் இருந்து என்னைத் தேடி அழுமே என்ற பயம் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து வாய் திறப்பதை விட்டேன். கடையில்கூடச் சாமானை விரலால் காட்டினேன். வெட்கத்தில் இருக்கிறேன் என்று சனம் நினைத்தது. "என்னடி, ஊமையே நீ?" என்று அம்மா ஏசினார். உள்ளே அது உதைக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அப்படி வாய் மூடி இருந்ததை அன்பென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆசுப்பத்திரியில் பிள்ளையை என் நெஞ்சில் வைத்தார்கள். வீரிட்டு அழுதது. "ஏதும் கதை தங்கச்சி, அழுகையை நிப்பாட்டும்" என்றார் தாதி. உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அழுது அழுது பிள்ளையின் முகம் கறுத்தது. மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து, "சரி, சரி. ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டேன்.

அழுகை நின்றது. தலை என் பக்கம் அசைந்தது.

பிறகு பெரியம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பிள்ளைக்கு இப்போது எட்டு வயது, என்னை அக்கா என்கிறாள். அவர்கள் வீட்டு வாசல் படலையில் நின்று "பெரியம்மா" என்று நான் கூப்பிட்டால், சாப்பிட்ட கையோடு ஓடிவருவாள். "உவளுக்கு உன்ரை சத்தம் கேட்டாக் காணும், வேறொண்டும் வேண்டாம்" என்று பெரியம்மா ஒருமுறை சொன்னார். முகத்தில் சிரிப்பில்லை.

இப்போது நான் கூப்பிடுவதில்லை. படலைக் கொக்கியை மெதுவாகக் கழற்றி உள்ளே போகிறேன்.