முதலில் உயர்ந்த கை

காடாம்புலியூர் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தினேன். வளரிளம் பருவம் பற்றிய பாடம் வந்தாலே, "வீட்ல படிச்சுக்குங்க" என்று தாண்டிவிடுவேன். நடத்தினால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று பயம்.

2009-இல் ஒரு தாய் வந்தே விட்டார். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து அவர் விரல்கள் கறுத்திருந்தன.

"எம் பொண்ணு ரத்தத்தப் பாத்துட்டு சாவப்போறேன்னு அழுதா டீச்சர். எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியல. அந்தப் பாடத்த நடத்துங்க. நானும் குந்திக் கேக்கறேன்."

மறுநாள் கூலியை விட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நாக்கு குழற நடத்தி முடித்து, சந்தேகம் கேட்கச் சொன்னேன். ஒரு மாணவியும் நிமிரவில்லை. அந்தக் கறுத்த கைதான் முதலில் உயர்ந்தது.

"அப்போ இது தீட்டு இல்லியா டீச்சர்?"

"இல்லம்மா" என்றேன்.

அடுத்த நொடி வகுப்பு முழுக்கக் கைகள். இத்தனை கேள்விகளையா இவ்வளவு நாள் பூட்டிவைத்திருந்தேன்?

அன்று எனக்கும் மாதவிலக்கின் இரண்டாம் நாள். கடலூரில் என் வீட்டுக்குத் திரும்பியதும், அந்த நாட்களுக்கென்று மூலையில் ஒதுக்கியிருந்த என் தட்டையும் டம்ளரையும் எடுத்துப் போய்ச் சமையலறை அலமாரியில் வைத்தேன். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை நடுங்கியது.

அந்தத் தாயின் கை நடுங்கவே இல்லை.