மைக்கில் வந்த விண்ணப்பம்

குவைத்துக்குப் போன என் வீட்டுக்காரரிடமிருந்து தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்து மாதக்கணக்காகியிருந்தது. அங்கே வேறொருத்தி இருக்கிறாளோ என்ற பயத்தைச் சித்தூரில் எங்கள் சபைப் பாஸ்டரம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதேன். ஜெபிப்பதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மைக்கைப் பிடித்தார். "பேரு சொல்லமாட்டேன். நம்ம சபையில ஒரு சகோதரி, குவைத்துல இருக்கிற வீட்டுக்காரர் வேற பொம்பளையோட இருக்காரோன்னு அழுதுக்கினு இருக்காங்க. பாரத்தோட ஜெபிப்போம்."

எங்கள் சபையிலிருந்து அன்றைக்குக் குவைத்துக்குப் போயிருந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். கண்ணை மூட வேண்டியவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருத்தியாக வந்து, வியர்த்துப் பிசுபிசுத்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "உனக்காகத்தாம்மா ஜெபம் பண்ணிக்கினு கீறேன். அவ யாரு, மலையாளியா?" கடவுள் கேட்டாரோ இல்லையோ, பஜார் முழுக்கக் கேட்டுவிட்டது.

பிறகு வீட்டுக்காரர் போன் செய்தார். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஜெபம் பலித்ததென்று அதே மைக்கில் சாட்சி சொல்ல வைத்திருப்பார்கள். இன்றும் சபைக்குப் போகிறேன். போகாவிட்டால் அதற்கும் ஒரு ஜெபம் வைப்பார்கள். ஜெப விண்ணப்பம் என்னவென்று கேட்டால் முழங்கால் வலி என்கிறேன். வருஷக்கணக்காக அதற்காக உருகி உருகி ஜெபிக்கிறார்கள். என் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை.